குறைமாதப் பிள்ளை: குறை யாருடையது?

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை தங்காது என்று நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு மும்பைக்கு வந்து சேர்ந்த பேச்சு அது. தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் இன்றைக்கும் துக்க வீட்டில் அது காதில் விழுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை போய்விட்டது என்றால், வந்தவர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். பெற்றவள் எந்த மாதம் வரை தண்ணீர்க் குடம் சுமந்தாள், எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவள் உடம்பில் இரத்தம் எவ்வளவு இருந்தது என்று கேட்பவர் இல்லை. விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு யார் மேலும் போட வேண்டியதில்லை அல்லவா!

அந்தப் பேச்சு தவறு. எட்டாம் மாதத்துப் பிள்ளைக்கு ஏழாம் மாதத்துப் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்; நுரையீரலும் மூளையும் அந்த வாரங்களில்தான் முதிர்கின்றன. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் முழுக் கர்ப்பம் 40 வாரம், அதாவது 280 நாள். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் அது குறைமாதப் பிறப்பு. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அதில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். எந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

இதில் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியும் என்று நாம் சொல்லவில்லை. எந்தக் காரணமும் தெரியாமல் நோவு கண்டுவிடுகிற பெண்களும் உண்டு. ஆனால் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம் எது என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காண முடியும். முன்பு ஒரு பிள்ளை குறைமாதத்தில் பிறந்தவள், நான்காம் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள், இரத்தக் கொதிப்போ நீரிழிவோ உள்ளவள், கடும் சோகை பிடித்தவள், பதினெட்டு வயது நிரம்பாதவள், கைப்பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகுமுன்பே மறுபடி உண்டானவள் ஆகியோர் இந்த வரிசையில் வருகிறார்கள். இவர்களுக்குச் செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதியை மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதத்துக்குள் செய்தாக வேண்டும். நம் பெண்களோ அந்த மாதங்களில்தான் கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நமது வாதம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஏன் மறைக்கிறார்கள்? நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண் மூன்று மாதம் என்று சொன்னால், மறுமாதம் இரண்டு வீட்டில் வேறு ஆள் வந்துவிடுகிறாள். துணி தைக்கும் பட்டறையில் பீஸுக்குக் கூலி வாங்குகிறவள் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அப்பளம் இடுகிறவளுக்கும், இட்லி வேகவைத்து விற்கிறவளுக்கும், பழைய பிளாஸ்டிக் பிரிக்கிறவளுக்கும் இதே கதைதான். ஆகவே ஐந்தாம் மாதம், சில சமயம் ஆறாம் மாதம் வரை பெயர் பதிவதில்லை. அதற்குள் முதல் ஸ்கேன் எடுக்கும் காலம் கடந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் கருவின் வயதைச் சரியாகச் சொல்லும். அது இல்லாவிட்டால், பிறகு நோவு கண்டு ஓடும்போது இது 33 வாரமா 36 வாரமா என்று டாக்டரே திகைக்க வேண்டியிருக்கும். எந்த மருந்து கொடுக்கலாம், கூடாது என்பது அந்தக் கணக்கைப் பொறுத்தது.

அடுத்தது, வெளியில் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயம். கூச்சப்பட்டது போதும் என்பதால் எழுதுகிறோம். நம் வட்டாரங்களில் வீட்டுக்குள் கக்கூஸ் உள்ள குடும்பம் எத்தனை? பொதுக் கக்கூஸுக்கு வரிசை, அதற்குக் காசு, இரவில் விளக்கில்லாத சந்து. வேலை செய்யும் வீட்டிலே கக்கூஸைக் கழுவலாம், பயன்படுத்தக் கூடாது என்கிற எஜமானிகளும் இருக்கிறார்கள். பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் போனால் இருட்டும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். இதன் பலன் சிறுநீர்த் தொற்று. கர்ப்பிணிக்கு இந்தத் தொற்று எரிச்சல், காய்ச்சல் எதுவும் காட்டாமலே உள்ளே இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும். மாதம் நிறையுமுன் நோவைக் கிளப்பிவிடும். சிறுநீரைச் சோதித்துக் கண்டுபிடித்தால் சில நாள் மருந்தில் சரியாகிவிடும். ஆபத்தான கர்ப்பங்களில் இவ்வளவு சுலபமாக விலக்கக்கூடிய காரணம் வேறு அதிகம் இல்லை. ஆனால் மருந்து கொடுத்துத் திரும்பவும் அதே வரிசைக்கு அனுப்பினால் தொற்றும் திரும்ப வரும். வார்டுக்கு ஒரு கக்கூஸ் தொகுதி கேட்டு மாநகராட்சிக்கு மனுக் கொடுப்பதைத் தேர்தல் காலத்து வேலையாக நினைக்கிறோம். அது பேறுகால வைத்தியத்தின் ஒரு பகுதி என்று நாம் கருதுகிறோம். இரவிலும் விளக்கு எரிய வேண்டும். கர்ப்பிணிக்கு வரிசையும் கட்டணமும் கூடாது. இதைச் செய்ய டெல்லியிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை.

தண்ணீர்க் குடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடிகாலையில் குழாய் திறக்கும்போது வரிசையில் நிற்கும் ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீண்ட நேரம் நிற்பது, பாரம் தூக்குவது, இரவு வேலை ஆகியவை குறைப்பிரசவ ஆபத்தை ஓரளவு கூட்டுகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலாளியிடம் எட்டு மணி நேர வேலை கேட்கும் தோழர், வீட்டில் இரண்டு குடம் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

இனி இரத்தம். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். இந்நகரத்து ஏழைக் கர்ப்பிணிகள், குறிப்பாகப் பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள், ஒருவகைக் கடும் சோகையால் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கிருமியா, வேறு நோயா என்று தேடிய அவர், கடைசியில் காரணம் சாப்பாட்டில் இருப்பதைக் கண்டார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931-இல் அதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருளைப் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று அழைத்தார்கள். இன்று உலகமெங்கும் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரையின் பாதிக் கதை இந்த நகரத்துப் பெண்களின் இரத்தத்தில் எழுதப்பட்டது. ஆனால் 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்குச் சோகை. கண்டுபிடிப்பு ஊருலகம் சுற்றி வந்துவிட்டது. சாப்பாடு மட்டும் அந்தத் தெருவுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக, குறைந்தது 180 இரும்புச் சத்து மாத்திரை சர்க்கார் இலவசமாகத் தருகிறது. வாங்கி வந்து தகர டப்பாவில் வைத்துவிடுகிறவர்கள் எத்தனை பேர்! பிள்ளை கறுத்துப் போகும் என்கிறார் மாமியார். பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்கிறார் அத்தை. இரண்டும் ஆதாரமில்லாத பயம். மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு புரட்டும், மலச்சிக்கல் வரும், இவை உண்மை. இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் புரட்டல் குறையும். டீயோடு மட்டும் விழுங்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் சோகை, 7-க்குக் கீழே போனால் கடும் சோகை. அதற்கு மாத்திரை போதாது, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் முட்டையும் கருவாடும் நமக்குத் தெரியாத பண்டங்களல்ல. எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைத் தின்கிற வழக்கம்தான் கெடுக்கிறது.

புகையிலையைச் சொல்லாமல் விட முடியாது. வெற்றிலையோடு போயிலை போடுவது ஊர் வழக்கம்; பல்லில் மிஷ்ரி தேய்ப்பது இங்கே வந்து பழகியது. மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, வாய்ப் புகையிலை போடும் பெண்களின் பிள்ளைகள் சராசரியாக ஆறு நாள் முந்திப் பிறந்ததையும் 105 கிராம் எடை குறைந்திருந்ததையும் காட்டியது. பசியை அடக்கத்தான் போடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே திட்டிப் பயனில்லை. நிறுத்த உதவி செய்ய வேண்டும்.

டாக்டர்களால் ஆவது என்ன? கருப்பையின் வாய் பலவீனமாகி, வலியே இல்லாமல் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் திறந்துகொள்வதால் பிள்ளையை இழக்கிற பெண்கள் உண்டு. அடுத்தடுத்து இப்படி இழந்தவளை நம் தெருவில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதை இங்கே அச்சிட மனமில்லை. அந்த வாயைத் தையல் போட்டு நிறுத்தும் முறையை 1955-இல் உலகத்துக்குச் சொன்னவர் இதே பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த வி. என். ஷிரோத்கர். அவர் பெயராலேயே அந்தத் தையல் இன்றும் உலகமெங்கும் வழங்குகிறது. மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் போட வேண்டிய தையல் அது. ஆறாம் மாதம் பெயர் பதிகிறவளுக்கு அது எப்படிக் கிடைக்கும்? எல்லாருக்கும் அது தேவையில்லை. சிலருக்கு 18 முதல் 24 வாரத்துக்குள் ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்து, குட்டையாக இருந்தால் புரோஜெஸ்ட்ரோன் மருந்து வைக்கிறார்கள். இரத்தக் கொதிப்பு வரும் அபாயம் உள்ளவர்களுக்கு நான்காம் மாதத்துக்குள் சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்குகிறார்கள். முதல் பிள்ளை உண்டான பெண்களிடம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதின்மூன்றாக இருந்த குறைப்பிரசவம் பதினொன்றரையாகக் குறைந்தது. காலணா மாத்திரை செய்த வேலை! டாக்டர் சொல்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் எதுவும் தாமதமாக வருகிறவளுக்குப் பயன்படாது என்பதைக் கவனியுங்கள்.

சில வீடுகளில் ஆபத்து என்று கேட்டதும் பெண்ணை மாதக்கணக்கில் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறார்கள். படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பாரமில்லாத வேலை, இடையிடையே உட்கார இடம், ஆஸ்பத்திரி நாளில் கூலி வெட்டாத விடுப்பு ஆகியவற்றைத்தான் நாம் கேட்கிறோம்.

இதைக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் பேறுகால உதவிச் சட்டம் இப்போது 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தொழிற்சாலையிலும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனங்களிலும், பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்தவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். உயிரோடு இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம்தான். குறைமாதப் பிறப்பால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் உண்டு. தினக்கூலிக்காரிக்கும் இந்த உரிமை உண்டென்று டெல்லி மாநகராட்சிப் பெண் தொழிலாளர் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் ஓட்டைகளைப் பாருங்கள். கடினமான வேலை கொடுக்காதே என்று ஒரு பெண் கேட்கும் உரிமை, பிரசவத்துக்குக் குறித்த நாளுக்கு முந்திய ஆறு வாரமும் அதற்கு முன் ஒரு மாதமும்தான். கணக்குப் போட்டால் ஏறக்குறைய முப்பதாம் வாரத்தில் சட்டம் கண் விழிக்கிறது. ஆபத்தான கர்ப்பத்துக்குரிய பெண்ணுக்கு அதற்குள் பாதி ஆபத்து நடந்து முடிந்திருக்கும். டாக்டர் எந்த நாளில் ஆபத்தான கர்ப்பம் என்று எழுதித் தருகிறாரோ அந்த நாளிலிருந்தே இலகு வேலை தர வேண்டும் என்று திருத்தம் கேட்க வேண்டிய இடம் இது. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையும் வீட்டு வேலையும் இந்தப் பிரிவுக்கு வெளியே நிற்கின்றன. நம் பெண்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது மத்திய அரசின் மாத்ரு வந்தனா உதவி. முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய், இரண்டாவது பெண்ணானால் 6,000 ரூபாய். ஆறு மாதக் கூலி இழப்புக்கு இது ஈடாகுமா என்று எழுதியவர்களே சொல்லட்டும்.

அடுத்து, புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு, மறுவாரம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். தாய் மடியில் இளைப்பாறட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். அதை நாம் கேலி செய்யவில்லை. ரயில் குலுக்கினால் பிள்ளை பிறந்துவிடும் என்பதும் சரியல்ல. ஆனால் ஆபத்து அதிகமுள்ள பெண், 28 வாரத்துக்கும் 34 வாரத்துக்கும் நடுவில், ஒன்றரை நாள் பயணத்தில், எந்த ஆஸ்பத்திரிக்கும் சொந்தமில்லாதவளாக இருக்கிறாள். இங்கே எடுத்த ஸ்கேனும் இரத்தச் சோதனையும் பீரோவில் கிடக்கும். அங்கே போய்ப் பதிய இரண்டு வாரம் ஆகும். இங்கே மராட்டியில் எழுதிய கார்டை அங்குள்ள நர்ஸம்மா படிக்க முடியாமல் திருப்பித் தருவார். தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான 18,000 ரூபாய், அங்கேயே இருந்து ஆரம்பத்திலேயே பதிந்தவர்களுக்காக வகுக்கப்பட்டது. இரண்டு மாநிலத்துக்கும் உழைக்கிறவள் இரண்டு பதிவேட்டிலும் பாதிதான் இருக்கிறாள்.

ஆகவே பிரசவம் எங்கே என்பதை ஐந்தாம் மாதத்திலேயே தீர்மானிக்க வேண்டும். ஆபத்தான கர்ப்பமென்றால் ஊர்ப் பாசத்தை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. குறைமாதப் பிள்ளையைப் பார்க்கும் தனிப் பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதே அளவுகோல். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்தில் போக முடிகிற கிராமமானால் போகலாம். முடியாதென்றால் அம்மாவை இங்கே வரவழையுங்கள். சயான் ஆஸ்பத்திரி தாராவியின் வாசலில் இருக்கிறது. 1989-இல் ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது அங்கேதான். குறைமாதப் பிள்ளைகளுக்குப் புட்டிப்பால் எமனாகிறது என்று கண்டுதான் தொடங்கினார்கள்.

அப்படியும் முந்தி நோவு கண்டுவிட்டால்? இடுப்பில் விட்டுவிட்டு வலி, வயிறு அடிக்கடி கல்லாய் இறுகுதல், நீர் கசிதல், இரத்தம் படுதல், தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்குதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கஷாயம் வைத்துப் பார்ப்பதோ, வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரட்டும் என்பதோ கூடாது. 108-க்குப் போன் போடுங்கள். பிள்ளை பிறந்தபின் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது எத்தனையோ மேல். அங்கே போனால் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். டெக்ஸாமெத்தசோன் என்று பெயர். 12 மணிக்கு ஒன்றாக நாலு ஊசி. பிள்ளையின் நுரையீரலைச் சீக்கிரம் முதிரச் செய்யும் மருந்து இது. நியூசிலாந்தில் 1972-லேயே இந்த முறை நிரூபிக்கப்பட்டுவிட்டது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆஸ்பத்திரிகளில் செய்த பெரிய ஆய்வு 2020-இல் வந்தது. ஊசி போடாதவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 23, 24 இறந்த இடத்தில், போட்டவர்களிடம் 19, 20 இறந்தன. நூற்றுக்கு நாலு உயிர். ஆனால் இதற்கு முன் 2015-இல் வெளியான வேறோர் ஆய்வில், கர்ப்பக் கணக்குத் தெரியாமலும் பிள்ளையைப் பார்க்க வசதியில்லாத இடங்களிலும் பரவலாகப் போட்டபோது நன்மை கிடைக்கவில்லை, கெடுதலும் தென்பட்டது. ஊசியோடு வாரக் கணக்கும், நல்ல வார்டும் சேர்ந்திருக்க வேண்டும். முதல் ஸ்கேனைப் பற்றி மேலே இத்தனை எழுதியது இதற்காகத்தான்.

பிள்ளை பிறந்த பிறகும் தாயின் நெஞ்சுதான் முதல் மருந்து. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் 1978-இல் தொடங்கிய வழி இது: பிள்ளையை வெற்று மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்வது. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு 2021-இல், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. தாய் ஓய்வெடுக்கும்போது தகப்பன் கட்டிக்கொள்ளலாம், பாட்டி கட்டிக்கொள்ளலாம். தீட்டு என்று பெற்றவளை ஒதுக்கி வைத்துப் பிள்ளையைத் தனியே கிடத்தும் வீடுகள் இதைப் படிக்க வேண்டும்.

நம் கிளைச் சங்கங்கள் இதில் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்க்க வேண்டும் என்பது 2016 முதல் உள்ள ஏற்பாடு. ஆபத்தான கர்ப்பமானால் கார்டில் சிவப்பு ஒட்டு ஒட்டுவார்கள். அன்றைக்கு நம் தெருப் பெண்களை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போக மராட்டி, இந்தி பேசத் தெரிந்த ஒரு தங்கை போதும். ஐந்து பெண்கள் சேர்ந்து போனால் யாரும் அதட்டுவதில்லை. கார்டு, ஸ்கேன் சீட்டு, இரத்தச் சோதனைச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைப்பதும், முக்கியமான விவரங்களை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பதும் சங்கத்து வாலிபர்களுக்கு அரைமணி வேலை. பட்டறை முதலாளியிடம் விடுப்புக் கேட்க அந்தப் பெண்ணைத் தனியே அனுப்பக் கூடாது. கிளைச் செயலாளர் கூடப் போக வேண்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்க வரும் வீட்டார் முதலில் அந்தக் கார்டைக் கொண்டுவரட்டும். சிவப்பு ஒட்டு இருந்தால், ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் டாக்டரிடம் சீட்டு வாங்க வேண்டும்.